நகையும் அழுகையும்: ‘சிற்றி லைற்ஸ்’ திரைப்படம் பற்றிச் சில எண்ணங்கள்

கலைகளுள் மிக விரைவிலே முதுமையடைவது திரைப்படம் எனக் கூறுவதுண்டு. உடை மாறுகின்றது, பேச்சு மாறுகின்றது, நடிப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்ற எண்ணமும் மாறுகின்றது. ஒரு தலைமுறையினரைக் கண்கலங்க வைத்த காட்சி அடுத்த தலைமுறையினருக்கு நகைப்புக்கிடமாகின்றது. ஒரு தலைமுறையினர் வயிறு குலுங்கச் சிரித்த காட்சியோ அடுத்த தலைமுறையினருக்குப் பொருளற்றதாகின்றது. அவ்வகையில் நோக்குமிடத்து, சிரிப்பையும் கண்ணீரையும் ஒருங்கே நாடி எடுக்கப்பட்ட படங்கள் இருமடங்கு ஆபத்துக்கு உள்ளானவை எனலாம். இவ்வாறிருக்கவும், 1931ஆம் ஆண்டு சனவரி 30ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே முதன்முதலாகத் திரையிடப்பெற்ற ‘சிற்றி லைற்ஸ்’ என்னும் சார்ளி சப்ளினின் படம் இன்றும் பார்ப்போரைச் சிரிக்க வைக்கின்றது. இறுதியிலே வாயடைக்கவும் வைக்கின்றது. இதற்குக் காரணம் யாது என்னும் வினா பல ஆண்டுகளாக என்னைத் தொடர்ந்து வந்திருக்கின்றது. அதற்கு நான் கண்ட விடையை இக்கட்டுரையிலே கூற முயல்கின்றேன்.

முதலில் அப்படம் தோன்றிய காலத்தைச் சிறிது நினைவு கூர்தல் வேண்டும். 1927ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே ‘த ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தபின், ஹொலிவூட்டிலே மௌனப்படத்தின் ஆயுள் எண்ணப்படத் தொடங்கியது. மூன்றாண்டுகளுக்குள் அங்குள்ள கலையகங்கள் ஏறத்தாழ அனைத்தும் பேசும் படத்துக்கு மாறிவிட்டன. சப்ளின் மட்டும் மாற மறுத்தார். 1928ஆம் ஆண்டின் இறுதியிலே படப்பிடிப்பைத் தொடங்கி, இடையிடையே நிறுத்தி, மீண்டும் தொடங்கி, 1930ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான் அதனை முடித்தார். தமது சொந்தப் பணத்தைச் செலவிட்டார். வட்டத் தொப்பியும் பிரம்பும் தொளதொளத்த காற்சட்டையும் உடைய தமது நாடோடி வாய் திறந்து ஆங்கிலம் பேசிவிட்டால், அன்றிலிருந்து அவன் ஓர் ஆங்கிலேயனாகிவிடுவான், உலகத்தவன் ஆகான் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஒலியை அவர் முற்றாக விலக்கினார் என்பதற்கில்லை. இசையைத் தாமே அமைத்துப் படத்தோடு பதிவு செய்தார். பூக்காரிக்குரிய இசைக்கு மட்டும் ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோஸே பதில்யாவின் மெட்டொன்றைக் கையாண்டார். விலக்கப்பட்டது பேச்சே.

அவர் படப்பிடிப்பைத் தொடங்கியபோது அமெரிக்காவிலே செல்வம் கொழிப்பதாகவே யாவரும் நம்பியிருந்தனர். 1929ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே நியூ யோர்க் பங்குச் சந்தை சரிந்தது. படம் வெளிவந்தபோது பாண் வாங்குவதற்காக மனிதர் வீதியிலே வரிசையாக நின்றுகொண்டிருந்தனர். 1933ஆம் ஆண்டளவிலே அந்நாட்டுத் தொழிலாளருள் ஏறத்தாழ நான்கிலொருவர் வேலையற்றிருந்தனர். ஆகவே, செழிப்புக் காலத்திலே கருக்கொண்ட இப்படம் பஞ்ச காலத்திலே பிறந்த குழந்தை எனலாம். தொடக்கக் காட்சியை இந்த வரலாற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். அமைதிக்கும் செழிப்புக்குமாக நகரத்தார் எழுப்பிய நினைவுச் சிலையொன்று திறந்து வைக்கப்படுகின்றது. பிரமுகர்கள் பேசுகின்றனர்; அவர்களுடைய வாயிலிருந்து சொற்களுக்குப் பதிலாக ஊதுகுழலின் கீச்சொலி மட்டுமே வருகின்றது. திரைச்சீலை விலகியதும், சிலையின் மடியிலே நாடோடி உறங்கிக்கொண்டிருப்பது தெரிகின்றது. இறங்க முயலும்போது அவனுடைய காற்சட்டை இன்னொரு சிலையின் வாளிலே மாட்டிக்கொள்கின்றது. அவ்வேளையிலே தேசிய கீதம் ஒலிக்க, தொங்கிய நிலையிலேயே அவன் மரியாதையாக நிமிர்ந்து நிற்க முயல்கின்றான். செழிப்பின் மடியிலே வீடற்றவன் ஒருவன் படுத்திருக்கின்றான் என்பதைக் கூற அங்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

கதை மிக எளியது. நடைபாதையிலே பூ விற்கும் கண் தெரியாத பெண்ணொருத்தி நாடோடியைச் செல்வனென்று தவறாக எண்ணிவிடுகின்றாள். அன்றிரவே, ஆற்றங்கரையிலே கழுத்திற் கல்லைக் கட்டிக்கொண்டு உயிரை மாய்க்க முயலும் செல்வந்தன் ஒருவனை அவன் காப்பாற்றுகின்றான். இச்செல்வந்தன் மது மயக்கத்தில் இருக்கும்போது நாடோடியைக் கட்டித் தழுவுகின்றான். மயக்கம் தெளிந்ததும் யாரென்றே அறியாது வெளியே துரத்துகின்றான். பெண்ணுக்கும் அவளுடைய பாட்டிக்கும் 22 டொலர் வாடகை நிலுவையாக நிற்கின்றது. வியன்னாவிலே மருத்துவர் ஒருவர் பார்வையை மீட்டுத் தருகின்றார் என்ற செய்தியும் பத்திரிகையில் வருகின்றது. பணம் தேடி நாடோடி வீதி கூட்டுகின்றான். குத்துச்சண்டை மேடையிலும் ஏறுகின்றான். ஈற்றில், போதையிலிருந்த செல்வந்தன் விரும்பிக் கொடுத்த ஆயிரம் டொலர், அவன் தெளிந்ததும் திருட்டுப் பணமாக எண்ணப்படுகின்றது. நாடோடி அதனைப் பெண்ணிடம் சேர்த்துவிட்டுச் சிறைக்குச் செல்கின்றான். சிறை மீண்டு அவன் வரும்போது, பார்வை பெற்ற அப்பெண் பூக்கடையொன்றின் உரிமையாளராக இருக்கின்றாள். இதற்குமேற் கதை இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனை வகுத்தபோது நகையை முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் வைத்தார். நகை பிறக்கும் களங்களுள் பேதைமையையும் மடனையும் அவர் குறித்தார். அழுகை பிறக்கும் களங்களுள் இளிவையும் வறுமையையும் குறித்தார். ‘சிற்றி லைற்ஸ்’ படத்தைப் பார்க்குந்தோறும் இந்த வைப்புமுறை என் நினைவுக்கு வருகின்றது. ஏனெனில், சப்ளினின் கலை இவ்விரு களங்களுக்கும் இடையிலுள்ள சுவரை மிக மெல்லியதாக்கிவிடுகின்றது. வறுமையினால் விளையும் செயலே பேதைமையாகத் தோன்றிச் சிரிப்பை விளைக்கின்றது; அச்சிரிப்பு அடங்குமுன்னர் அதன் அடியிலுள்ள இளிவு நமக்குத் தெரிந்துவிடுகின்றது.

எடுத்துக்காட்டாக ஒரு காட்சியைக் கூறலாம். செல்வந்தன் மயக்கத்திலே பரிசாகக் கொடுத்த றோல்ஸ் றோய்ஸ் காரிலே நாடோடி செல்கின்றான். அவனுக்குப் புகைக்க ஆசை, கையிலே காசில்லை. நடைபாதையிலே சுருட்டுப் புகைத்துச் செல்லும் ஒருவரின் பின்னால் அம்மாபெரும் காரை மெதுவாகச் செலுத்துகின்றான். அவர் எறிந்த சுருட்டுத் துண்டைப் பொறுக்க இன்னொரு நாடோடி குனிகின்றான். நம்மவன் காரிலிருந்து பாய்ந்து, அவனைத் தள்ளிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு காரிலேறிப் போய்விடுகின்றான். தள்ளப்பட்டவன் திகைத்து நிற்கும் முகத்தைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆனால், இக்காட்சியிலே பொதிந்துள்ள பொருளாதார உண்மையை எந்த விரிவுரையும் இவ்வளவு சுருக்கமாகக் கூறிவிடாது. செல்வத்தின் சின்னம் கையிலிருந்தும் செல்வம் இல்லாதவன் ஒருவன்; வறியவனை வறியவனே தள்ளிவிடும் நிலை மற்றொன்று. அக்காட்சியிலே நாடோடியையும் சப்ளின் புனிதனாக்கவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும்.

செல்வந்தன் என்ற பாத்திரம் தனியே ஆராயத்தக்கது. ஹரி மையர்ஸ் நடித்த இப்பாத்திரத்தின் வித்து ஒரு பழைய எண்ணத்திலிருந்து பிறந்ததாகச் சப்ளின் தமது சுயசரிதையிலே கூறியுள்ளார். செல்வர் கழகமொன்றைச் சேர்ந்த இருவர், மனிதனின் நனவு எவ்வளவு நிலையற்றது என்று வாதிட்டு, உறங்கும் நாடோடி ஒருவனைத் தூக்கிவந்து, இன்பங்களையெல்லாம் காட்டி, மீண்டும் உறங்கியபின் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவதாக அவ்வெண்ணம் அமைந்தது. படத்திலே அது தலைகீழாக்கப்பட்டது. நாடோடியின் நனவு நிலையாக இருக்கின்றது. செல்வந்தனின் நனவே நிலையற்றதாகின்றது. அவன் பணத்தை இழந்து சாக முயன்றவனல்லன், மனைவி பிரிந்துபோனவன். அவனுக்கு வேண்டியது நட்பு. மது அவனுடைய அந்தஸ்தை மறக்கச் செய்யும்போது நட்பு கிடைக்கின்றது. தெளிவு அந்தஸ்தை நினைவூட்டும்போது நட்பு மறந்துபோகின்றது. சப்ளினின் தந்தை மதுவினால் உடல் கெட்டு 1901ஆம் ஆண்டு இறந்தவர் என்பதையும், தாயார் நோயுற்றமையால் ஏழு வயதிலேயே சப்ளின் இலண்டனிலே ஏழைகள் விடுதிக்குச் செல்ல நேர்ந்தது என்பதையும் அறிந்தவருக்கு, ஒரே மனிதன் ஒரு பொழுது அன்பனாகவும் மறுபொழுது அந்நியனாகவும் மாறுவது வெறும் நகைச்சுவை உத்தியாகத் தோன்றாது.

அக்காலத்துப் பிற நகைச்சுவைப் படங்களோடு ஒப்பிட்டால் இப்படத்தின் தனித்தன்மை புலனாகும். ஃபிராங்க் கப்ராவின் 1934ஆம் ஆண்டுப் படமாகிய ‘இற் ஹப்பின்ட் வன் நைற்’, செல்வர் வீட்டுப் பெண்ணையும் வேலையிழந்த பத்திரிகையாளன் ஒருவனையும் மணத்திலே சேர்த்து வைக்கின்றது. கிரெகரி லா காவா 1936இல் எடுத்த ‘மை மான் கொட்ஃபிறே’ படத்திலே குப்பைமேட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட நாடோடி, உண்மையில் உயர்குடிச் செல்வர் வீட்டுப் பிள்ளை என்பது பின்னர் தெரியவருகின்றது. இவை கீழ்த்தரமான படங்களென்று நான் கூற வரவில்லை. மிகத் திறமையாக எடுக்கப்பட்டவை அவை. ஆயினும், ஏழைக்கும் செல்வனுக்கும் இடையிலுள்ள பிளவை அன்பினாலோ குலத்தினாலோ மூடிவிடலாம் என்னும் ஆறுதலை அவை பார்ப்போருக்கு அளித்தன. ‘சிற்றி லைற்ஸ்’ இந்த ஆறுதலை அளிக்கவில்லை. அதிலுள்ள செல்வந்தன் திருந்துவதில்லை; தன் நண்பன் சிறைக்குப் போனதையும் அறியான். நாடோடியின் பழைய அழுக்கு உடைக்கு அடியிலே எந்த உயர்குடிப் பிறப்பும் மறைந்திருக்கவில்லை. செல்வனென்று எண்ணப்பட்டவன் நாடோடியே.

அவ்வாறு எண்ணப்பட்டது எங்ஙனம் என்பதே சப்ளினை மிகவும் வருத்திய பிரச்சினை. கண் தெரியாத ஒருத்தி, கந்தையணிந்த ஒருவனைச் செல்வனென்று கருதுவதற்குரிய காரணத்தைச் சொல்லின்றி, காட்சியால் மட்டுமே விளக்குதல் வேண்டும். அதுவும் மௌனப்படத்திலே ஓர் ஒலியை அடிப்படையாகக் கொண்டு விளக்குதல் வேண்டும். இச்சிறு காட்சியை அவர் நூற்றுக்கணக்கான தடவை படம்பிடித்தார். பூக்காரியாக நடித்த வேர்ஜீனியா செரில் முன் அனுபவமற்ற இளம் பெண். இடையிலே அவரை விலக்கிவிட்டு, வேறொரு நடிகையை வைத்துச் சோதித்துப் பார்த்து, மீண்டும் அவரையே அழைத்துக்கொண்டார் சப்ளின். ஈற்றில் அவர் கண்ட வழி இதுவே: வீதியைக் கடக்க விரும்பும் நாடோடி, போக்குவரத்துப் பொலிஸ்காரரைத் தவிர்ப்பதற்காக, நின்றுகொண்டிருந்த காரொன்றின் ஒரு கதவால் ஏறி மறு கதவால் இறங்குகின்றான். கதவு மூடப்படும் ஓசை பெண்ணின் செவியில் விழுகின்றது. பூவை நீட்டுகின்றாள். அவன் தன்னிடமிருந்த நாணயத்தைக் கொடுக்கின்றான். மிகுதிக் காசை அவள் எடுக்கும்போது, காரின் உண்மையான உரிமையாளர் ஏறிச் சென்றுவிடுகின்றார். மிகுதியையும் பெறாது போய்விட்ட பெருந்தகை என்று அவள் எண்ணுகின்றாள். அருகில் நின்ற நாடோடி அதனைப் புரிந்துகொண்டு, ஓசைப்படாமல் கால்விரல்களை ஊன்றி விலகிச் சென்று, தூரத்தில் அமர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கின்றான். நம் நெஞ்சு நெகிழத் தொடங்கும் அக்கணத்திலே, பூச்சாடியைக் கழுவிய பெண் அந்நீரை அவனுடைய முகத்திலேயே வீசிவிடுகின்றாள்.

இந்த நீர்வீச்சிலேதான் சப்ளினின் முறைமை முழுவதும் அடங்கியிருக்கின்றது என்பது என் கருத்து. மென்மை மிகுந்து வழியப்போகும் இடத்தை அவர் சரியாக அறிந்திருந்தார். அங்கே நகையைக் காவல் வைத்தார். பின்னர் வரும் நூற்பந்துக் காட்சியும் அத்தகையதே. பெண் நூல் சுற்றும்போது, தவறுதலாக நாடோடியின் உள்ளாடை நூலைப் பற்றிச் சுற்றத் தொடங்குகின்றாள். அவன் அதனை அறிந்தும் எதுவும் கூறவில்லை. உடலை நெளித்து, அவள் சுற்றி முடிக்கும் வரை தன் உள்ளாடையை அவிழ்ந்துபோக விடுகின்றான். நாம் சிரிக்கின்றோம். ஆனால், தன் தவற்றை அவள் அறிந்து நாணக்கூடாது என்பதற்காகத் தன்னிடமுள்ளதைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கும் ஒருவனின் பண்பாடு அச்சிரிப்போடு நம் உள்ளத்திலே புகுந்துவிடுகின்றது. கொடுப்பவன் கொடுத்ததாகவே தோன்றாத கொடை அது.

கொடை பற்றிய இந்த எண்ணமே படத்தின் உயிர்நிலை எனலாம். வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாது, இரவையும் இரவச்சத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாடினார். பெறுபவனின் நிலையையும் எண்ணிப் பார்த்தவர் அவர். சப்ளினின் படமும் இரு பக்கங்களையும் பார்க்கின்றது. செல்வந்தன் கொடுப்பது மயக்கத்தின் கொடை. தெளிந்தபின் அவன் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. நாடோடி கொடுப்பது தெளிவின் கொடை. அவனும் மனிதனே. ஆயிரம் டொலரைப் பெண்ணின் கையில் வைக்கும்போது ஒரு நோட்டை மட்டும் தன் பையிலே ஒளித்துக்கொள்கின்றான். அவள் நன்றியோடு அவனுடைய கையை முத்தமிட்டதும், தயங்கி, அந்த நோட்டையும் எடுத்துக் கொடுத்துவிடுகின்றான். அந்தத் தயக்கத்தைச் சப்ளின் காட்டாது விட்டிருந்தால் நாடோடி கற்பனைத் தியாகியாகியிருப்பான். காட்டியமையால் நம்மைப்போன்ற ஒருவனாகிவிட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்படத்தை மாணவர் சிலருக்கு விரிவுரை மண்டபமொன்றிலே திரையிட்டுக் காட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கைத்தொலைபேசியிலே வண்ணப் படங்களைப் பார்த்துப் பழகிய அவர்கள் முதற் பத்து நிமிடங்கள் பொறுமையிழந்திருந்தனர். குத்துச்சண்டைக் காட்சி வந்தபோது மண்டபம் அதிர்ந்தது. நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து நாடோடி ஆடும் அந்த ஆட்டத்துக்கு மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை, முன்னுரையும் வேண்டியதில்லை. படம் முடிந்தபோது விளக்கைப் போட எவரும் எழவில்லை. பின்னர் நடந்த உரையாடலிலே, அப்பெண் இனி என்ன செய்வாள் என்பதே பெருவிவாதமாயிற்று. ஏற்றுக்கொள்வாள் என்றனர் சிலர். காசு கொடுத்து அனுப்பிவிடுவாள் என்றனர் வேறு சிலர். அதுவரை பேசாதிருந்த மாணவியொருவர், தாம் உயர்தர வகுப்பு வரை படித்தது வெளிநாட்டிலிருந்து முகமறியாத ஒருவர் அனுப்பிய பணத்திலே என்றும், அவரை ஒருநாள் நேரிற் காண நேரிடுமோ என்று அஞ்சுவதாகவும் கூறினார். “அவர் வசதியானவர் என்றால் நன்றி சொல்லிவிடலாம், சேர். எங்களைப்போலக் கஷ்டப்பட்டு உழைத்துத்தான் அனுப்பினார் என்றால் என்ன சொல்வது?” என்று அவர் கேட்டார். அதன்பின் விவாதம் தொடரவில்லை.

அம்மாணவியின் வினாவே படத்தின் இறுதிக் காட்சி எழுப்பும் வினாவாகும். பார்வை பெற்ற பெண் தன்னைக் காப்பாற்றியவன் செல்வனென்றே நம்பிக் காத்திருக்கின்றாள். உயர்ந்த தொப்பியணிந்த இளைஞனொருவன் கடைக்குள் வந்தபோது, அவன்தானோ என்று ஒரு கணம் அவளுடைய முகம் மலர்கின்றது. வெளியிலோ, சிறையிலிருந்து மீண்ட நாடோடியைப் பத்திரிகை விற்கும் சிறுவர் துன்புறுத்துகின்றனர். அவனுடைய கிழிந்த காற்சட்டையிலே தொங்கும் துணியைப் பிடித்து இழுக்கின்றனர். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவள் அதனைப் பார்த்துச் சிரிக்கின்றாள். இங்கே நாம் நிலைதடுமாறுகின்றோம். படம் முழுவதும் நாம் சிரித்த சிரிப்பும் இதுவே. பார்வை பெற்றதன் முதற் பயனாக அவளும் நம்மைப்போலச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள்! குனிந்து வடிகாலிலே கிடந்த பூவை எடுத்த நாடோடி திரும்பி அவளைக் காண்கின்றான். கையிலுள்ள பூவின் இதழ்கள் உதிர்கின்றன. அவள் இரக்கப்பட்டு ஒரு புதுப்பூவையும் ஒரு நாணயத்தையும் நீட்டுகின்றாள். அவன் ஓடிவிட முயல்கின்றான். அவள் வெளியே வந்து அவனுடைய கையைப் பற்றி நாணயத்தை வைக்கின்றாள். கண் அறியாததை விரல்கள் அறிந்துவிடுகின்றன.

அதன்பின் திரையிலே எழுத்தாக வருவன மிகச் சில சொற்களே: ஒரு சொல்லிலே அமைந்த வினாவும், பார்வை பற்றிய ஒரு கேள்வியும், அதற்கு அவள் அளிக்கும் விடையும். அந்த விடை இருபொருள்படுவது. கண் தெரிகின்றது என்பதும், இப்போது விளங்குகின்றது என்பதும் அதனுள் அடங்கும். பின்னர், விரலை வாயோரத்தில் வைத்து, பூவைப் பிடித்தபடி, நாணமும் அச்சமும் நம்பிக்கையும் கலந்து சிரிக்கும் சப்ளினின் முகத்தோடு படம் மறைந்துவிடுகின்றது. 1949ஆம் ஆண்டிலே ‘லைஃப்’ சஞ்சிகையில் மௌன நகைச்சுவைப் படங்கள் பற்றி எழுதிய ஜேம்ஸ் ஏஜீ, இதனைத் திரைக்கலையின் அதியுயர்ந்த கணமாக மதிப்பிட்டார். அக்காட்சியிலே தாம் நடிக்கவில்லை என்ற உணர்வே தமக்கு இருந்ததாகவும், தமக்கு வெளியே நின்று பெண்ணையே கவனித்துக்கொண்டிருந்ததாகவும் சப்ளின் 1966ஆம் ஆண்டுப் பேட்டியொன்றிலே கூறினார். பெரும் நடிப்பிலே ‘நான்’ மறைகின்றது என்று நம் மரபிலே கூறப்படுவதற்கு இது நல்ல சான்று.

அவள் அவனை ஏற்றுக்கொண்டாளா? படம் சொல்லவில்லை. எளிதாக ஒரு மணக்காட்சியை அமைத்துப் பார்ப்போரை மகிழ்வித்து அனுப்பியிருக்கலாம். அக்காலத்து அரங்குகள் அதனையே விரும்பின. அல்லது, அவள் வெறுத்து விலகுவதாகக் காட்டி யதார்த்தவாதி என்னும் பெயரைப் பெற்றிருக்கலாம். சப்ளின் இரண்டையும் செய்யவில்லை. உதவி பெற்றவள் உதவியவனைத் தனக்குக் கீழான நிலையிலே கண்டுவிட்ட கணத்திலே படத்தை நிறுத்தினார். நன்றி என்பது மேல்நோக்கிச் செல்லும்போது எளிது. தன்னிலும் வறியவனை நோக்கிச் செல்ல வேண்டிவரும்போது, அது மனிதனின் முழு மனத்தையும் கேட்கின்றது. அந்தக் கேள்வியைப் பார்ப்போரின் கையிலே, அப்பெண் நாணயத்தை வைத்தது போல, வைத்துவிட்டுப் போய்விடுகின்றது படம்.

இத்தகைய படங்களை மிகையுணர்ச்சியின் பாற்பட்டவை என்றும், வறியவரைக் கண்ணீரால் ஆற்றி, அவர்தம் சினத்தைத் தணித்துவிடுபவை என்றும் கூறும் திறனாய்வாளர் உளர். அக்கூற்று புறக்கணிக்கத்தக்கதன்று. பஞ்ச காலத்து ஹொலிவூட் உற்பத்தி செய்த படங்களுட் பல அவ்வாறானவையே. ‘சிற்றி லைற்ஸ்’ படத்திலும் குறைகள் இல்லாமலில்லை. குத்துச்சண்டை வீரர் அறையிலே கறுப்பின வீரரொருவரை மூடநம்பிக்கையாளராகக் காட்டிச் சிரிக்க வைக்கும் பகுதி இன்று நம்மைக் கூசச் செய்கின்றது. பூக்காரிக்குப் பொறுமையும் அழகும் தவிர வேறு குணம் அதிகம் தரப்படவில்லை. எனினும், மிகையுணர்ச்சி என்பது யாது? துன்பத்திற்குரிய காரணத்தை மறைத்துவிட்டுத் துன்பத்தை மட்டும் சுவைக்கத் தருவதே மிகையுணர்ச்சி. இப்படமோ காரணத்தை மறைக்கவில்லை. வாடகையின் தொகையை டொலர்க் கணக்கிலே சொல்கின்றது. நட்புக்கும் அந்தஸ்துக்கும் உள்ள பகையைச் சொல்கின்றது. கண்ணீர் வந்தபின்னும் சினம் தணியாது எஞ்சியிருக்கின்றது. மென்மையான உணர்ச்சி எதுவாயினும் அது பொய் என்று கருதும் மனப்பான்மை நம் பல்கலைக்கழகச் சூழலிலே அறிவின் அடையாளமாகக் கொள்ளப்படுவதுண்டு. அம்மனப்பான்மையும் ஒருவகைக் கண்ணின்மையே என்று நான் கருதுகின்றேன்.

படத்தின் பிற்கால வரலாறு அதன் பொருளோடு ஒத்துச் செல்வது வியப்பைத் தருவது. லொஸ் ஏஞ்சல்ஸ் முதற்காட்சிக்கு அல்பேட் ஐன்ஸ்டைனும் வந்திருந்தார். அன்று, படத்தை நடுவிலே நிறுத்திவிட்டுப் புதிதாகக் கட்டப்பட்ட அரங்கின் சிறப்புகளைப் பற்றி நிர்வாகத்தினர் உரையாற்றத் தொடங்கினர் என்றும், தாம் சினங்கொண்டு எழுந்ததாகவும் சப்ளின் எழுதியுள்ளார். பிரமுகர் உரைகளைக் கீச்சொலியாக்கிய படத்தின் நடுவிலேயே அவ்வுரை நிகழ்ந்தது! நியூ யோர்க்கிலே தாமே ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்து அவர் படத்தைக் காட்டினார். பேர்ணாட் ஷாவோடு இலண்டன் காட்சியிலே அமர்ந்து பார்த்தார். அக்காட்சிக்காகத் தொடங்கிய நெடும்பயணத்தின்போது 1932ஆம் ஆண்டு இலங்கைக்கும் வந்து கொழும்பையும் கண்டியையும் கண்டு சென்றார். 1952ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்றவேளை, அவருடைய மீள்வருகைக்கான அனுமதியை அந்நாடு இரத்துச் செய்தது. அமெரிக்கா அவரை மீண்டும் வரவேற்று மதிப்பளிக்க இருபது ஆண்டுகள் ஆயின; 1972இலே சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று சுவிற்சர்லாந்திலே அவர் காலமானார். 1991இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலே ‘சிற்றி லைற்ஸ்’ சேர்க்கப்பட்டது. 2008இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவகம் காதல் நகைச்சுவைப் படங்களுள் முதலிடத்தை அதற்கு அளித்தது. மயக்கத்திலே தழுவி, தெளிவிலே துரத்தி, காலங்கடந்து அடையாளம் கண்டுகொண்ட அந்நாட்டின் நடத்தையிலே படத்தின் செல்வந்தனும் தெரிகின்றான், பெண்ணும் தெரிகின்றாள்.

இப்படத்தின் குன்றாக் கவர்ச்சிக்குக் காரணம் அதன் நகைச்சுவை மட்டுமே எனின், குத்துச்சண்டைக் காட்சியோடு நாம் நிறைவடைந்திருப்போம். அதன் சோகம் மட்டுமே எனின், ஒருமுறை அழுதபின் மறந்திருப்போம். நகையும் அழுகையும் சேர்ந்து ஒரு வினாவைச் சுமந்து வருவதனாலேயே அது நம்மை விடாது பற்றிக்கொள்கின்றது. முகமறியாத ஒருவரின் கையிலிருந்து எதையேனும் பெற்று வாழ்ந்தோர் நம்முட் பலர். அக்கையின் சொந்தக்காரர் என்றேனும் ஒருநாள் கிழிந்த உடையோடு நம் வாயிலுக்கு வரக்கூடும். அப்போது நாம் நீட்டுவது நாணயத்தையா, கையையா என்பதை எந்தத் திரைப்படமும் நமக்காக முடிவு செய்ய இயலாது.